பாட்டு முடியும் வரை

அலுவலகத்தில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். யார் வைத்தார்கள் என்று யாருக்கும் நினைவில்லை, ஆனால் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. மற்றவர்கள் டீயை ஊதிக்கொண்டிருக்கும்போது அவள் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்திருப்பாள். பேச்சும் அப்படித்தான். எதிரில் இருப்பவர் கேள்வியைப் பாதியில் வைத்திருக்கும்போதே இவள் பதிலைச் சொல்லி முடித்து அடுத்த வேலைக்குப் போயிருப்பாள். “உங்கிட்ட பேசணும்னா தந்திதான் அடிக்கணும்” என்பான் கணவன். அதையும் அவள் முழுசாகக் கேட்டதில்லை.

அவள் வேலை கார்ட்டூன் பார்ப்பது. இதைச் சொன்னால் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். சம்பளமும் கொடுத்து பொம்மைப் படமும் காட்டுகிறார்களா, எங்களுக்கும் ஒரு இடம் பிடித்துக் கொடு என்பார்கள். வந்து உட்கார்ந்து பார்த்தால் தெரியும். பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென்றே மாதச் சந்தாவில் வீடியோ காட்டும் நிறுவனம் அது. ‘உங்கள் குழந்தையின் கண்ணில் படும் முன், ஒவ்வொரு வீடியோவும் எங்கள் கண்ணில் படுகிறது’ என்று விளம்பரம் செய்திருந்தார்கள். அந்த ‘எங்கள் கண்’ என்பது டயர் கடைக்கு மேலே, முதல் மாடியில், பன்னிரண்டு மேசைகளில் உட்கார்ந்திருந்த பன்னிரண்டு ஜோடிக் கண்கள். பெரும்பாலும் சிவந்திருக்கும்.

ஒவ்வொரு மேசையிலும் அறுபத்தொரு விதிகள் கொண்ட சின்னப் புத்தகம் ஒன்று இருந்தது. தீக்குச்சி, கத்தி, மாடி ஜன்னல், தலையில் மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் பை என்று வரிசையாக வரும். நாற்பத்து நான்காவது விதி இப்படி: ‘மூடிய பெட்டி, அலமாரி போன்றவற்றுக்குள் குழந்தையோ, குழந்தை போன்ற விலங்கோ பத்து விநாடிக்கு மேல் இருந்தால் சிவப்பு.’ சிவப்பு என்றால் படம் வெளியே போகாது, பச்சை என்றால் போகும். குழந்தை போன்ற விலங்கு என்ற இடத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். அப்புறம் யானைக்குட்டிகளும் முயல்குட்டிகளும் நாள் முழுக்க வந்து நிற்கும். சிரிப்பு நின்றுவிடும்.

ஒரு வீடியோவை இரண்டு பேர் பார்க்க வேண்டும். முதலாமவர் இரட்டை வேகத்தில் ஓட்டலாம், அதற்கு அனுமதி உண்டு. இரண்டாமவர் சாதாரண வேகத்தில்தான் பார்க்க வேண்டும். எக்ஸ்பிரஸ் முதல் ஆள். படத்தை நிறுத்தி நேரம் பார்த்தால் வேகம் போய்விடும் என்பதால், கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு விநாடிகளை எண்ணுவாள். சுவர்க் கடிகாரம் தோற்றுவிடும், அவ்வளவு துல்லியம். எண்ணி முடித்ததும் இரண்டால் பெருக்கி எழுத வேண்டும். படம்தான் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுகிறதே. எண்ணு, இரட்டி, எழுது. நான்கு வருடமாக அவள் கைக்கு அது தானாக வந்தது.

அவளுக்கு ஜோடியாக இரண்டாவது பார்வைக்கு இருந்தவளுக்கு நிதானம் என்று பெயர். எக்ஸ்பிரஸைவிட நான்கைந்து வயது மூத்தவள். ஒரு பூனைப் படத்தைக்கூட, கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியல் வரை பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். சந்தேகம் வந்தால் பின்னால் ஓட்டி மறுபடியும் பார்ப்பாள். படத்தில் ஒரு குருவி ‘போயிட்டு வரேன்’ என்று கையாட்டினால் இவளும் பதிலுக்குக் கையாட்டிவிடுவாளோ என்று பக்கத்து மேசைக்காரர்கள் பந்தயம் கட்டியதுண்டு. அண்ணன் வீட்டுக் கூடத்தில் திரைச்சீலை தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் பதினாறு வருடம் வாழ்ந்தவள். இந்த வேலையை வைத்துத்தான் இப்போது தனக்கென்று ஒரு அறை பார்த்திருந்தாள். சாவி வாங்கியாகிவிட்டது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதைப் பையிலிருந்து எடுத்து, காட்டிவிட்டு, மறுபடியும் உள்ளே வைப்பாள்.

பள்ளி விடுமுறைக்கு முந்தைய வியாழக்கிழமைதான் எல்லாம் கெட்டது. விடுமுறையில் குழந்தைகள் வீட்டில் இருப்பார்கள், புதுப் படங்கள் வேண்டும் என்று இவர்கள் ஜோடிக்கு மட்டும் ஒரே நாளில் நாற்பத்து மூன்று வீடியோக்கள் வந்து விழுந்தன. முப்பத்தொன்பதாவது, ஒரு கரடிக்குட்டியின் கண்ணாமூச்சி. கரடிக்குட்டி பெரிய மரப்பெட்டிக்குள் இறங்கி மூடியைச் சாத்திக்கொள்கிறது. வெளியே நண்பர்கள் ஒரு பாட்டுப் பாடுகிறார்கள். பாட்டு முடியும் வரை மூடியைத் திறக்கக் கூடாது, சத்தமும் போடக் கூடாது என்பது விளையாட்டின் சட்டம். எக்ஸ்பிரஸ் கணுக்களை எண்ணிக்கொண்டிருந்தாள். ஒன்பதில் மூடி திறந்தது. அதே நேரம் போன் அடித்தது. பள்ளியிலிருந்து பேசினார்கள். உங்கள் மகளை அழைத்துப் போக இன்னும் யாரும் வரவில்லை, வாசலில் தனியாக நிற்கிறாள் என்றார்கள். கணவனுக்கு ஒரு போன், மறுபடியும் பள்ளிக்கு ஒரு போன். திரும்பி வந்து குறிப்புப் பெட்டியில் ‘9 விநாடி’ என்று அடித்துப் பச்சையை அழுத்தினாள்.

“அக்கா, கரடிக்குட்டி ஒண்ணு இருக்கு. நான் பாத்துட்டேன், ஒண்ணுமில்ல. அமுக்கிட்டு அடுத்ததுக்கு வாங்க. இல்லன்னா ரெண்டு பேரும் இங்கதான் குடியிருக்கணும்.”

“நான் இன்னும் பாக்கலையே.”

“நான் பாத்தா நீங்க பாத்த மாதிரிதான்கா. நாலு வருஷமா என்னைத் தெரியாதா?”

நிதானம் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு அழுத்தினாள். இந்த வேலையில் அவள் பார்க்காமல் அழுத்திய ஒரே வீடியோ அதுதான்.

மூன்று வாரம் கழித்துப் புகார் வந்தது. மேலாளர் இருவரையும் சின்ன அறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, கடிதத்தைப் படித்தார். நல்ல மனுஷர்தான். யாரையும் கோபிக்கத் தெரியாது. அதனாலேயே எந்தக் கெட்ட காரியத்தையும் மெதுவான குரலில் செய்துவிடுவார்.

எழுதியிருந்தது ஒரு தாய். ஐந்து வயது மகள், கரடிக்குட்டிப் படத்தைப் பார்த்துவிட்டு, படுக்கை விரிப்புகள் வைக்கும் பெட்டிக்குள் இறங்கி மூடியைச் சாத்திக்கொண்டிருக்கிறாள். கொக்கி தானாக விழுந்து மாட்டிக்கொண்டது. பதினொரு நிமிடம். போர்வை எடுக்க வந்த அப்பாதான் திறந்திருக்கிறார். குழந்தைக்கு நினைவில்லை. ஆஸ்பத்திரியில் மூன்று நாள். இப்போது உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் வீட்டில் எந்தக் கதவையும் சாத்த விடுவதில்லை, குளியலறைக் கதவைக்கூட. கடைசியில் ஒரு கேள்வி இருந்தது. ‘எல்லாவற்றையும் பார்க்கிறோம் என்று சொல்லித்தான் சந்தா வாங்கினீர்கள். அங்கே யாராவது இதைப் பார்த்தீர்களா?’

“வீடியோவை நேத்தே தூக்கியாச்சு,” என்றார் மேலாளர். “இப்ப தலைமை அலுவலகத்துல ஒரு பேர் கேக்கறாங்க. தப்பு யார்கிட்டன்னு. நாளைக்கு மதியத்துக்குள்ள அனுப்பணும். யாரா இருந்தாலும் அந்த ஆள் இங்க இருக்க முடியாது.”

பதிவேட்டைத் திரையில் காட்டினார். எக்ஸ்பிரஸ் அந்த வீடியோவை நாலரை நிமிடம் ஓட்டியிருந்தாள். ஒன்பது நிமிடப் படம், இரட்டை வேகம், கணக்குச் சரி. குறிப்பிலும் ஒன்பது விநாடி என்று இருந்தது, அதாவது விதிக்கு உட்பட்டது. நிதானத்தின் பெயருக்கு எதிரே நான்கு விநாடி என்று இருந்தது. நான்கு வருடமாக மெதுவாகப் பார்க்கிறாள் என்று திட்டு வாங்கியவள், வேகமாகப் பார்த்ததற்காக மாட்டிக்கொண்டாள்.

“நீங்க இதைப் பாத்தீங்களாம்மா?” என்று கேட்டார்.

“பாக்கல சார். அமுக்கிட்டேன்.”

அவ்வளவுதான். யார் சொல்லி அழுத்தினாள் என்று ஒரு வார்த்தை இல்லை. மேலாளர் எக்ஸ்பிரஸைப் பார்த்தார். அவள் வாயைத் திறந்திருக்க வேண்டும். கேள்வி வருமுன் பதில் சொல்கிற அந்த வாய் அன்று பூட்டிக்கொண்டது. பயம்தான், வேறென்ன. மகளின் பள்ளி, வீட்டு வாடகை, ‘இந்த மாதத்தின் சிறந்த பார்வையாளர்’ என்று அலுவலகக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த தன் புகைப்படம், எல்லாம் சேர்ந்து நாக்கைப் பிடித்துக்கொண்டன. வெட்கக்கேடு என்று அவளுக்கே தெரிந்தது.

கை கழுவும் இடத்தில் நிதானத்தைப் பிடித்தாள். “அக்கா, நான்தான் அமுக்கச் சொன்னேன்னு ஏன் சொல்லல?”

“நீ சொன்ன, சரி. அமுக்கினது என் விரல்தானே?” நிதானம் கையைத் துடைத்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாக. “ஒண்ணு மட்டும் கேக்கறேன். நீ அன்னைக்குப் பாத்தேன்னு சொன்னியே, நெஜமாவே பாத்தியா?”

“பாத்தேன்கா.”

“அப்ப சரி,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்த ‘அப்ப சரி’ எக்ஸ்பிரஸை உட்கார விடவில்லை. மற்றவர்கள் டீக்குப் போன நேரத்தில், நீக்கிய வீடியோக்கள் கிடக்கும் இடத்தில் கரடிக்குட்டியைத் தேடி எடுத்தாள். முதல் முறையாக அதைச் சாதாரண வேகத்தில் ஓட்டினாள். என்னமோ வேறு படம் மாதிரி இருந்தது. இரட்டை வேகத்தில் கீச்சுக் கீச்சென்று பறந்த பாட்டு, இப்போது தாலாட்டு மாதிரி மெதுவாக வந்தது. கரடிக்குட்டி உள்ளே போயிற்று. மூடி விழுந்தது. அவள் கணுக்களை எண்ணினாள். ஒன்பது வந்தது, மூடி திறக்கவில்லை. பத்து, பன்னிரண்டு, பதினைந்து. பதினெட்டில்தான் திறந்தது.

இரட்டிக்கவில்லை. எண்ணியிருக்கிறாள், எழுதியிருக்கிறாள், நடுவில் இரட்டிக்கவில்லை.

போன் வந்ததால் மறந்தேன் என்று முதலில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது உண்மையும்தான். ஆனால் சிவப்பு போட்டால் இரண்டு பக்கப் படிவம் நிரப்ப வேண்டும். மகள் பள்ளி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஒன்பது என்ற எண் பத்துக்குள் எவ்வளவு வசதியாக உட்கார்ந்தது! மறந்தாளா, மறக்க விட்டுவிட்டாளா? எத்தனை முறை கேட்டும் அவளுக்கே விடை தெரியவில்லை. வீட்டுக்குக் கிளம்பும் வரை அந்தப் பதினெட்டு விநாடியை மறுபடியும் மறுபடியும் ஓட்டிப் பார்த்தாள். பாட்டு மனப்பாடமாகிவிட்டது.

மாலையில் வீட்டுக்குப் போனபோது மகள் தரையில் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். குட்டிக்கு ஆறு வயது. எதைச் சொன்னாலும் அப்புறம், அப்புறம் என்று இழுத்து இழுத்துத்தான் சொல்வாள். வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்குச் சந்தா இலவசம் என்பதால் அந்தப் படங்கள் எல்லாம் இந்த வீட்டிலும் ஓடும். எக்ஸ்பிரஸ் பையைக்கூட இறக்கவில்லை. அப்படியே பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“குட்டி, கரடிக்குட்டி பெட்டிக்குள்ள ஒளியுமே, அந்தப் படம் பாத்தியா?”

“ம். பாத்தேன். அப்புறம்... நானும் ஒளிஞ்சேன்.”

“எங்க?”

“துணி அலமாரில. அப்பா குளிக்கப் போனப்ப. அப்புறம்... கதவைச் சாத்திக்கிட்டேன். அப்புறம்... யாரும் பாடல. அதனால நானே பாடிட்டேன். பாடி முடிச்சுட்டு வெளில வந்துட்டேன்.”

எக்ஸ்பிரஸ் பையைத் தோளிலிருந்து இறக்கினாள். “ஏண்டி, இதை அம்மாகிட்ட சொல்லவே இல்ல?”

குட்டி தலையைத் தூக்கிப் பார்த்தாள். கோபமில்லை, ஆச்சரியம்தான். “சொன்னேனே. நீ பாத்திரம் கழுவிட்டு இருந்தியே, அப்ப சொன்னேன். நீ ‘ம்ம், சரி, அப்புறம் வா’ன்னு சொன்ன.”

சொல்லியிருப்பாள். அவள் சொன்னதன் முதல் இரண்டு வார்த்தையைக் கேட்டு, மிச்சத்தைத் தானே ஊகித்து, ம்ம் கொட்டி அனுப்பியிருப்பாள் இவள். வீட்டிலும் இரட்டை வேகம்தான். அலமாரிக் கதவு கொஞ்சம் வளைந்து சரியாகச் சாத்தாது. அதைச் சரி செய்யச் சொல்லி ஒரு வருடமாகக் கணவனை அரித்துக்கொண்டிருந்தாள். நல்லவேளை, அவன் சோம்பேறி. அன்று முதல் முறையாக அதற்காக அவனைக் கும்பிடத் தோன்றியது. மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். குட்டி ஒன்றும் புரியாமல் அம்மாவின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

மறுநாள் காலையில் நேராக மேலாளர் அறைக்குப் போனாள்.

“அது ஒன்பது இல்ல சார், பதினெட்டு. எண்ணிட்டு இரட்டிக்காம எழுதிட்டேன். அக்காவைப் பாக்காம அமுக்கச் சொன்னதும் நான்தான். அவங்க பாத்திருந்தா நிச்சயம் நிறுத்தியிருப்பாங்க. என் பேரை அனுப்புங்க.”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “ஏம்மா, தானா வந்து தலையைக் கொடுக்கறீங்க? வீடியோவே இப்ப இல்ல. இனிமே அதை யார் எண்ணப் போறாங்க?”

“நான் எண்ணிட்டேன் சார்.”

“நீங்க ஒரு நாளைக்கு முப்பது பாப்பீங்க. அவங்க பதினஞ்சு. எனக்கு யார் வேணும்னு நீங்களே சொல்லுங்க.”

“அந்தப் பதினஞ்சையும் அவங்க பாத்திருப்பாங்க,” என்றாள்.

அவர் கண்ணாடியை எடுத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார். கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு மெதுவான குரலில் சரி என்று சொல்லிவிட்டு, அவள் பெயரை அடித்து அனுப்பினார். நிதானத்துக்கு எச்சரிக்கைக் கடிதம். எக்ஸ்பிரஸ் மதியத்துக்குள் மேசையைக் காலி செய்ய வேண்டும்.

நிதானம் கட்டிப்பிடித்து அழுவாள் என்று யாராவது எதிர்பார்த்திருந்தால் ஏமாந்திருப்பார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “பாத்தேன்னு சொன்னியேடி,” என்றாள். “அதை நம்பித்தான அமுக்கினேன்?” காதில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு திரைப் பக்கம் திரும்பினாள். திரையில் எதுவும் ஓடவில்லை. மேசை மேல் சாவி கிடந்தது. எக்ஸ்பிரஸ் தன் தண்ணீர் பாட்டிலையும் விதிப் புத்தகத்தையும் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

மாடிப்படியின் நடுவில் நின்றாள். முந்தின நாள் மேலாளர் இருவருக்கும் கொடுத்த புகார்க் கடிதத்தின் நகல் கையில் இருந்தது. அதில் தொலைபேசி எண் இருந்தது. சந்தாதாரர்களிடம் பார்வையாளர்கள் பேசக் கூடாது என்பது அறுபத்தொன்றாவது விதி. அது இனி அவளுக்கு இல்லை. எண்ணை அழுத்தினாள்.

“நீங்க ஒரு கேள்வி எழுதியிருந்தீங்க, அங்க யாராவது இதைப் பாத்தீங்களான்னு,” என்றாள், யார் பேசுகிறேன் என்று சொன்ன பிறகு. “நான்தான் பாத்தேன். வேகமா ஓட்டிப் பாத்தேன். பெட்டிக்குள்ள இருந்த நேரத்தைத் தப்பா எழுதினேன். இன்னொருத்தரையும் பாக்க விடாமப் பண்ணிட்டேன்.”

பதில் வரும் வரை எக்ஸ்பிரஸ் காத்திருந்தாள்.

“நான் பக்கத்து ரூம்லதான் இருந்தேன்,” என்றாள் அந்தத் தாய். “அவ கத்தவே இல்ல. கத்தியிருந்தா எனக்குக் கேட்டிருக்கும். ஏண்டி கத்தலன்னு ஆஸ்பத்திரில கேட்டேன். பாட்டு முடியற வரைக்கும் சத்தம் போடக் கூடாதாம். யாராவது பாடுவாங்கன்னு காத்துக்கிட்டு இருந்திருக்கா. அப்ப எனக்கு அப்படி ஒரு பாட்டு இருக்கறதே தெரியாது.” அழுதாள். திட்டினாள். திட்டிய ஒவ்வொரு வார்த்தையையும் எக்ஸ்பிரஸ் நின்று வாங்கிக்கொண்டாள். பிறகு அந்தக் குரல் சற்றுத் தணிந்தது. “இப்பவும் தூக்கத்துல எழுந்து கேக்கறா. பாட்டு முடிஞ்சுதான்னு. நீங்க வீடியோவை எடுத்துட்டீங்க. அது எப்படி முடியும்னு எனக்குத் தெரியல.”

“எனக்குத் தெரியும்.”

“அவ இங்கதான் இருக்கா,” என்றாள் தாய், கொஞ்சம் யோசித்துவிட்டு. “பாடுங்க.”

போன் கை மாறியது. சின்ன மூச்சுச் சத்தம் கேட்டது. எக்ஸ்பிரஸ் படியில் உட்கார்ந்தாள். அவளுக்குப் பாட வராது, இருந்தும் பாடினாள். கரடிக்குட்டி எங்கே, கட்டிலடியில் இல்லே. கரடிக்குட்டி எங்கே, கதவுக்குப் பின்னால் இல்லே. ஒரு சொல்லையும் விழுங்காமல், சாதாரண வேகத்தில், கணுக்களை எண்ணிக்கொண்டே பாடினாள். மூடியைத் திறந்து வா வா, முகத்தைக் காட்டு வா வா. பதினெட்டில் முடிந்தது.

“அவ்வளவுதான் கண்ணு. பாட்டு முடிஞ்சிடுச்சு.”

பிறகு குழந்தை கேட்டது.

“அன்னைக்கு ஏன் யாரும் பாடல?”

கேள்வி முழுசாக முடிந்திருந்தது. எக்ஸ்பிரஸ் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி படியிலேயே உட்கார்ந்திருந்தாள். மறுமுனையில் குழந்தை காத்துக்கொண்டிருந்தது.